அல்சரேட்டிவ் கொலைட்டிஸும் பித்தநாள நோயும்: மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு முதலில் வந்தது குடல் நோய். சில வருஷம் கழித்துப் பித்தநாளத்திலும் கோளாறு என்றார்கள். கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறவன் நான், மருத்துவன் இல்லை. ஆனால் ஓ.பி. வரிசையில் பக்கத்து நாற்காலிக்காரர் தொடங்கி, மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலத்திலிருந்து போனில் கூப்பிடுகிறவர்கள் வரை எல்லாரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். அவற்றைப் பதிலோடு இங்கே எழுதி வைக்கிறேன். மாத்திரையின் அளவை மட்டும் உங்கள் டாக்டரிடம் விட்டுவிடுங்கள்.

முதலில், இது என்ன நோய்?

பிரைமரி ஸ்கிளிரோசிங் கோலாஞ்சைட்டிஸ். பெயர் வாயில் நுழையாது என்பதால் டாக்டர்களே பி.எஸ்.சி. என்றுதான் சொல்கிறார்கள். கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் சிறுகுடலுக்கு வந்து சேர மெல்லிய குழாய்கள் இருக்கின்றன. கல்லீரலுக்கு உள்ளேயும் வெளியேயும் ஓடும் அந்தக் குழாய்களில் அழற்சி ஏற்பட்டு, ஆறாமல் நீடித்து, சுவர் தழும்பு கட்டித் தடித்துவிடும். கரை சரிந்து குறுகிய வாய்க்காலில் தண்ணீர் தேங்குகிற மாதிரி, குறுகலுக்குப் பின்னால் பித்தநீர் தேங்கும். தேங்கிய இடத்தில் கிருமி வளரும், சிலருக்குக் கல்லும் சேரும். பல வருஷம் இப்படியே போனால் கல்லீரல் இறுகி சிரோசிஸ் நிலைக்குப் போகலாம்.

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், சுருக்கமாக யூசி, பெருங்குடலின் உட்சுவரில் வரும் புண். ரத்தமும் சளியுமாகப் பேதி போவது அதன் அடையாளம். நம்மூரில் 'குடல் புண்' என்றால் வயிற்று அல்சர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு, இது வேறு.

குடலில் இருந்த நோய் கல்லீரலுக்கு எப்படிப் போனது?

அங்கிருந்து இங்கே பரவி வந்தது இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்தத் திசுவையே தாக்கும் வகையைச் சேர்ந்தவை இரண்டும். மரபணுச் சாய்வு கொஞ்சம் உண்டு. குடலில் வாழும் பாக்டீரியாக்களுக்கும் இதில் பங்கு இருக்கலாம் என்று ஆராய்கிறார்கள். நீங்கள் சாப்பிட்டதாலோ குடித்ததாலோ வந்தது இல்லை, வீட்டில் யாருக்கும் ஒட்டிக்கொள்ளவும் செய்யாது. தட்டு, டம்ளரைத் தனியாக வைக்கிற வேலையெல்லாம் வேண்டாம்.

யூசி இருக்கிற எல்லாருக்கும் இது வருமா?

வராது. நூறு பேரில் சுமார் ஐந்து பேருக்குத்தான். கணக்கைத் திருப்பிப் பார்த்தால் படம் மாறும்: மேலைநாடுகளில் பி.எஸ்.சி. உள்ள பத்துப் பேரில் ஏழு பேருக்குக் குடல் அழற்சியும் இருக்கிறது, அதில் பெரும்பாலும் யூசி. ஆசிய நாடுகளில் இந்தச் சேர்க்கை அதைவிடக் குறைவு. ஆண்களுக்கு அதிகம், பெரும்பாலும் 30 முதல் 40 வயதுக்குள் தெரியவரும். ஆனால் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருவதுண்டு.

குடல் இப்போது நன்றாக இருக்கிறதே. அப்புறம் எதற்குக் கல்லீரல் டெஸ்ட்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

குடலும் பித்தநாளமும் ஒன்றுக்கொன்று தகவல் சொல்லிக்கொண்டு நடப்பதில்லை. குடல் அமைதியாக இருக்கும்போது பித்தநாளம் மெல்ல மெல்லக் குறுகிக்கொண்டிருக்கலாம். யூசி வந்து பத்து வருஷம் கழித்து பி.எஸ்.சி. தெரியலாம், முதலில் பி.எஸ்.சி. தெரிந்து, பிறகு குடலைப் பார்த்தால் அங்கேயும் இருக்கலாம். பெருங்குடலையே ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டவர்களுக்கும் பி.எஸ்.சி. நின்றுவிடுவதில்லை. புதிதாக வருவதும் உண்டு.

அதைவிட ஏமாற்றுகிற விஷயம் ஒன்று இருக்கிறது. பி.எஸ்.சி.யோடு சேர்ந்து வரும் யூசி பலருக்குப் பெருங்குடல் முழுக்க இருக்கும், ஆனால் தொந்தரவு குறைவாகக் கொடுக்கும். ஒரு நாளைக்கு இரண்டு முறை போகிறேன், ரத்தம் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று ஆள் நடமாடுவார். உள்ளே கொலனோஸ்கோபி விட்டுப் பார்த்தால் வலது பக்கக் குடல் சிவந்து கிடக்கும். ஆகவே வயிறு சொல்வதை மட்டும் நம்பி மருத்துவமனைப் பக்கம் போகாமல் இருப்பது இந்த நோயில் சரிப்படாது. நோயைத் திருப்பிப் போடுகிற மாத்திரை இல்லாத இடத்தில், விடாமல் கண்காணிப்பதுதான் வைத்தியத்தின் பெரும்பகுதி.

எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

பாதிப் பேருக்கு மேல் இப்படித்தான் தெரியவருகிறது. எல்.எஃப்.டி. என்று கல்லீரலுக்கான ஒரு ரத்தப் பரிசோதனை. அந்தத் தாளை வாங்கியதும் எல்லாரும் முதலில் பிலிருபின் எவ்வளவு என்று பார்ப்பார்கள். அது 0.8 என்றிருந்தால் 'காமாலை இல்லப்பா' என்று மடித்துப் பையில் வைத்துவிடுவார்கள். நீங்கள் இன்னும் நாலைந்து வரி கீழே போங்கள். அல்கலைன் பாஸ்பேட்டேஸ், சுருக்கமாக ஏ.எல்.பி. என்று இருக்கும். பெரியவர்களுக்கு 120, 130 வரை சாதாரணம் என்று பெரும்பாலான லேப்களில் போட்டிருப்பார்கள். அது 300, 400 என்று பல மாதம் விடாமல் நின்றால், கூடவே அதே தாளில் இருக்கும் ஜி.ஜி.டி. என்ற இன்னொரு கல்லீரல் எண்ணும் ஏறியிருந்தால், பித்தநாளத்தைப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். பிலிருபின் ஏறுவது பெரும்பாலும் பிற்பாடுதான்.

வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு வளர்ச்சியால் ஏ.எல்.பி. இயல்பாகவே அதிகமாக இருக்கும், கர்ப்பிணிகளுக்கும் ஏறும். அந்த எண்ணை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

எம்.ஆர்.சி.பி., இ.ஆர்.சி.பி. இரண்டும் ஒன்றா?

இல்லை, குழப்பிக்கொள்ளாதீர்கள். எம்.ஆர்.சி.பி. வெறும் ஸ்கேன். எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் படுத்து, மூச்சை அடக்கு, விடு என்று சொல்வதைக் கேட்டால் போதும். நோயைக் கண்டுபிடிக்க முதலில் இதைத்தான் எடுப்பார்கள். குழாய் ஓரிடத்தில் குறுகி, அடுத்து விரிந்து, மறுபடி குறுகி என்று தொடர்ந்து போவது படத்தில் தெரியும்.

இ.ஆர்.சி.பி. என்பது வாய் வழியாக எண்டோஸ்கோப் விட்டுப் பித்தநாளத்தின் வாசலுக்கே போவது. குறுகிய இடத்தைப் பலூனால் விரிக்க, கல்லை எடுக்க, சந்தேகமான இடத்தில் பிரஷ் போட்டுச் செல் எடுக்க இது வேண்டும். கணையத்தில் அழற்சி, பித்தநாளத்தில் கிருமித் தொற்று ஆகிய அபாயங்கள் இதில் உண்டு. ஆகையால் வெறுமனே பார்த்துவிட்டு வருவதற்காக இ.ஆர்.சி.பி. என்று யாராவது சொன்னால், எம்.ஆர்.சி.பி. போதாதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டால் கோபிக்கிற டாக்டரை நான் அதிகம் பார்த்ததில்லை.

எம்.ஆர்.சி.பி.யில் ஒன்றும் தெரியாமல் ரத்தத்தில் மட்டும் மாற்றம் இருந்தால் கல்லீரலில் ஊசி போட்டு பயாப்சி எடுக்கலாம். மிகச் சிறிய குழாய்களை மட்டும் பாதிக்கிற வகை ஒன்று உண்டு. அது பொதுவாக மெதுவாகவே நகரும்.

வேறு நோயாக இருக்க வாய்ப்பில்லையா?

உண்டு, அதையும் பார்த்துவிட்டுத்தான் பெயர் வைக்க வேண்டும். யூசிக்காக அசதயோபிரின் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மாத்திரையாலேயே கல்லீரல் எண்கள் ஏறலாம். கொழுப்புக் கல்லீரல் இப்போது தெருவுக்குத் தெரு இருக்கிறது. பித்தப்பைக் கல், முன்பு செய்த பித்தப்பை ஆபரேஷனில் குழாய்க்கு ஏற்பட்ட காயம், காசநோய், கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் ரத்தக்குழாய் அடைப்பு, இவையெல்லாம் பித்தநாளத்தைக் குறுக்கக்கூடியவை. ஐ.ஜி.ஜி.4 என்ற ரத்தப் பரிசோதனையை ஒரு முறையாவது எடுத்துவிடுவது நல்லது. அந்த வகைப் பித்தநாள அழற்சி பார்வைக்கு பி.எஸ்.சி. போலவே இருக்கும், ஆனால் ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படும். பி.எஸ்.சி. கட்டுப்படாது. ஆகையால் அந்த ஒரு பரிசோதனை ஒருவருடைய வைத்தியத்தையே மாற்றிவிடும்.

காமாலைதானே? கீழாநெல்லி கொடுத்தால் போகாதா?

இந்தக் கேள்வி வராத வீடு இல்லை. கண் மஞ்சளாகத் தெரிந்ததும் அப்பத்தா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக்கொண்டு நிற்பார். பக்கத்து வீட்டுக்காரர் கையில் சூடு போடுகிற ஊரின் பெயரைச் சொல்வார். மூக்கில் சொட்டு விட்டு மஞ்சளாக நீர் வடிய வைக்கிற ஆள் இருப்பதாக இன்னொருவர் வருவார். 'நம்ம மாமாவுக்குப் போயிருச்சே' என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, மாமாவுக்குப் போனது உண்மைதான்.

மாமாவுக்கு வந்தது பெரும்பாலும் ஹெபடைட்டிஸ் ஏ அல்லது ஈ. கெட்ட தண்ணீரால் வரும் வைரஸ் காமாலை. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே வடிந்துவிடும். அந்தச் சில வாரத்தில் யார் என்ன கொடுத்தாலும் பெயர் அவருக்குப் போகும். நமக்கு வந்திருப்பது வைரஸ் இல்லை, குழாய் குறுகல். அதைப் பச்சிலை விரித்துவிடாது. இன்னும் சிக்கல் என்னவென்றால், பி.எஸ்.சி.யிலும் காமாலை சில சமயம் வந்து தானே இறங்கும். அடைத்திருந்த சிறு கல்லோ கசடோ நகர்ந்திருக்கும். அப்போது மருந்து கேட்டுவிட்டது என்று நினைத்து ஆறு மாதம், ஒரு வருஷம் ஸ்கேனைத் தள்ளிப்போடுவார்கள். எனக்குத் தெரிந்து இந்த நோயில் நடக்கிற பெரிய நஷ்டம் இந்தத் தள்ளிப்போடுதல்தான்.

மூலிகை என்பதால் தீங்கில்லை என்றும் சொல்லிவிட முடியாது. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கு என்று சீந்தில் கொடி சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதித்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத பொடி, லேகியம் எதையும் ஏற்கெனவே அடிபட்ட கல்லீரலுக்குக் கொடுக்காதீர்கள். அப்பத்தாவிடம் சண்டை போட வேண்டாம். 'டாக்டர் மோர் மட்டும் குடிக்கச் சொன்னார்' என்றால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ராத்திரி அரிப்பு தாங்கவில்லை. என்ன செய்வது?

பட்டவர்களுக்குத்தான் தெரியும். தோலில் ஒரு தடிப்பும் இருக்காது. உள்ளங்கை, உள்ளங்கால், பிறகு முழங்கால், முதுகு. கட்டிலை விட்டு இறங்கி வெறும் தரையில் கால் வைத்தால் ஒரு நிமிஷம் சுகம், பிறகு மறுபடி தொடங்கும். சீப்பை எடுத்துச் சொறிந்து, காலையில் போர்வையில் ரத்தப் புள்ளியைப் பார்த்து வீட்டில் திட்டு வாங்கியவர்கள் நிறைய. கத்திரி வெயில் காலத்தில் கரண்டும் போய்விட்டால் கேட்கவே வேண்டாம்.

இது தோல் வியாதி இல்லை. தோல் டாக்டரிடம் களிம்பு வாங்கிப் பயன் இல்லை, அலர்ஜி மாத்திரையும் தூக்கத்தைத் தருமே தவிர அரிப்பைப் பெரிதாகக் குறைக்காது. பித்தநீர் தேங்குவதால் வருகிற அரிப்புக்குத் தனி மருந்துகள் இருக்கின்றன. கொலஸ்டிரமின் என்ற பொடியைத் தண்ணீரில் கலந்து குடிக்கச் சொல்வார்கள். மணல் கரைத்தது மாதிரி இருக்கும். அது குடலில் பித்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு போவது போலவே மற்ற மாத்திரைகளையும் பிடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே மற்ற மாத்திரைகளை அதற்கு ஒரு மணி நேரம் முன்போ, நாலு முதல் ஆறு மணி நேரம் கழித்தோதான் போட வேண்டும். இதைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள்.

ரிஃபாம்பிசின் இன்னொன்று. ஆமாம், டிபி மருந்தேதான். கடையில் சீட்டை நீட்டியதும் பையன் நம்மை ஏற இறங்கப் பார்ப்பான். தனிப் பதிவேட்டில் பெயர் எழுதித்தான் தர வேண்டும் என்பது சட்டம், கோபப்படாதீர்கள். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், அது மருந்தின் நிறம். அந்த மருந்தே சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும் என்பதால் இடையிடையே ரத்தம் பார்ப்பார்கள். பெசாஃபைப்ரேட், நால்ட்ரெக்ஸோன், செர்ட்ராலின் என்று வேறு வழிகளும் உண்டு. அரிப்பு திடீரென்று ஏறினால் ஏதாவது பெரிய குழாயில் புது அடைப்பா என்று ஸ்கேன் பார்க்க வேண்டும்.

நகத்தை வெட்டுங்கள், பருத்தித் துணி போடுங்கள், ஈரத்துண்டைப் போட்டுப் படுங்கள். சுடுதண்ணீர்க் குளியல் வேண்டாம்.

உர்சோ மாத்திரை நோயைக் குணப்படுத்துமா?

உர்சோடியாக்சிகோலிக் அமிலம், கடையில் உடிலிவ், உர்சோகால் என்ற பெயர்களில் கிடைப்பது. கிலோவுக்கு 13 முதல் 15 மில்லிகிராம் என்ற கணக்கில் கொடுத்தால் ரத்தத்தில் ஏ.எல்.பி. இறங்குகிறது. 60 கிலோ ஆளுக்கு 300 மி.கி. மாத்திரை மூன்று. ஆனால் எண் இறங்குவதால் நோயே நின்றுவிடுகிறது என்றோ, மாற்று அறுவையைத் தள்ளிப்போடுகிறது என்றோ நிரூபணம் ஆகவில்லை. சரி, அதிகம் கொடுத்துப் பார்ப்போம் என்று அமெரிக்காவில் கிலோவுக்கு 28 முதல் 30 மில்லிகிராம் கொடுத்து ஆராய்ந்தார்கள். 2009இல் வெளிவந்த முடிவு தலைகீழாக இருந்தது: எண்கள் நன்றாக இறங்கின, ஆட்களுக்குக் கெடுதல் அதிகமானது. ஆகவே ஒரு மாத்திரை நல்லதென்றால் இரண்டு இன்னும் நல்லது என்ற கணக்கு இங்கே செல்லாது. டாக்டர் நிறுத்தச் சொன்னாலும் தொடரச் சொன்னாலும் இரண்டுக்கும் காரணம் இருக்கும். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

குளிர் காய்ச்சல் வந்தால்?

அன்றைக்கே ஆஸ்பத்திரி. நாளைக்கு என்று வைக்காதீர்கள்.

நம்மூரில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டால் டெங்கு, மலேரியா, டைபாய்டு என்று யோசித்து, தெருமுனை கிளினிக்கில் ஊசி போட்டு, மூன்று நாள் பார்ப்போம் என்பார்கள். பி.எஸ்.சி. உள்ளவருக்கு நடுக்கத்தோடு காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே வலி, கண் மஞ்சள் என்று வந்தால், தேங்கிய பித்தநீரில் கிருமி ஏறியிருக்கிறது என்று முதலில் நினைக்க வேண்டும். மூன்றும் சேர்ந்து வர வேண்டும் என்றில்லை, நடுக்கக் காய்ச்சல் மட்டும் வந்தாலும் போதும். அது ரத்தத்தில் பரவிவிட்டால் உயிருக்கே ஆபத்து. ரத்தம் கல்ச்சருக்கு எடுத்து, ஆன்டிபயாடிக் ஏற்றி, அடைப்பு இருந்தால் இ.ஆர்.சி.பி. செய்து பித்தநீரை வடிய விடுவார்கள்.

டியூட்டி டாக்டரிடம் முதல் வாக்கியமே 'எனக்குப் பித்தநாளம் குறுகுகிற நோய் இருக்கிறது' என்பதாக இருக்கட்டும். உடன் வருகிற அண்ணன், மதினி எல்லாருக்கும் அந்த வாக்கியம் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்த நேரத்தில் நமக்குப் பல் கிட்டிக்கொண்டிருக்கும். டைக்ளோபினாக் மாதிரி வலி ஊசியை வேண்டாம் என்று சொல்லுங்கள், யூசியைக் கிளப்பிவிடும். பாரசிட்டமால் அளவோடு போடலாம்.

புற்றுநோய் வரும் என்கிறார்களே, உண்மையா?

வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மை, எல்லாருக்கும் வரும் என்பது இல்லை. இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று பெருங்குடல். யூசி மட்டும் உள்ளவர்களைவிட பி.எஸ்.சி.யும் சேர்ந்தவர்களுக்கு அபாயம் பல மடங்கு. சாதாரண யூசிக்கு எட்டு, பத்து வருஷம் கழித்துத்தான் கண்காணிப்புக் கொலனோஸ்கோபி தொடங்குவார்கள். பி.எஸ்.சி. என்று தெரிந்தால் அந்த வருஷமே தொடங்கி வருஷத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். முதல் நாள் அந்த இரண்டு லிட்டர் மருந்துத் தண்ணீரைக் குடிப்பதுதான் கஷ்டம். ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரக் குளிரக் குடித்தால் கொஞ்சம் இறங்கும்.

இரண்டாவது பித்தநாளமும் பித்தப்பையும். வாழ்நாளில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பேருக்குப் பித்தநாளப் புற்று வரலாம் என்பது கணக்கு. அதில் கணிசமான பகுதி பி.எஸ்.சி. தெரிந்த முதல் வருஷத்திலேயே தெரியவருகிறது. ஆகவே தெரிந்த புதிதில் பார்ப்பதும், பிறகு வருஷம் ஒரு முறை ஸ்கேன் எடுப்பதும் முக்கியம். பித்தப்பையில் 8 மி.மீ. அளவு கட்டி தெரிந்தால் பையை எடுத்துவிடச் சொல்வார்கள். சி.ஏ. 19-9 என்ற ரத்தப் பரிசோதனை எண் புற்றில் மட்டுமல்ல, தொற்றுக் காலத்திலும் ஏறும். அந்த எண்ணை இணையத்தில் தேடி ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்காதீர்கள். எடை குறைவது, பசி போவது, காமாலை வேகமாக ஏறுவது இவற்றைத்தான் உடனே சொல்ல வேண்டும்.

கறி தோசை, ஜிகர்தண்டா?

பி.எஸ்.சி.க்கு என்று தனிப் பத்தியம் கிடையாது. உப்புமாவும் ரசமும் மட்டும் சாப்பிட்டு ஆளே வற்றிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன், அதுதான் தப்பு. முட்டை, மீன், கோழி, பருப்பு தாராளமாகச் சேரட்டும். கறி தோசை ஒத்துக்கொண்டால் எப்போதாவது சாப்பிடுங்கள். பித்தநீர் சரியாக இறங்காதவர்களுக்குக் கொழுப்பு செரிக்காமல் மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையோடு மிதக்கும். அவர்கள் எண்ணெயைக் குறைக்க வேண்டும், ஏ, டி, ஈ, கே வைட்டமின்களைப் பரிசோதித்து ஈடுகட்ட வேண்டும். எலும்பு தேய்வதால் டெக்ஸா ஸ்கேனும் உண்டு. ஜிகர்தண்டாவுக்கு நான் தடை போடவில்லை. சர்க்கரை உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

வயிற்றில் நீர் கோத்தவர்களுக்குத்தான் கறாரான கட்டுப்பாடு: உப்பு. கருவாடு, அப்பளம், வத்தல், ஊறுகாய் நாலும் போக வேண்டும். சிரோசிஸ் வந்தவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட நேரம் இருக்கக் கூடாது; படுக்குமுன் ஏதாவது சாப்பிட்டுப் படுங்கள். காபி குடிக்கலாம். கல்லீரலுக்கு அது விரோதி இல்லை.

சரக்கு?

வேண்டாம்.

பழனிக்குப் பாதயாத்திரை போகலாமா?

சிரோசிஸ் இல்லை, சமீபத்தில் காய்ச்சல் இல்லை, ரத்தம் குறையவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போகலாம். மாத்திரையைத் தனிப் பையில் வையுங்கள். பொது மூட்டை எந்த வண்டியில் போகிறதென்று யாருக்கும் தெரியாது. காய்ச்சி ஆறிய தண்ணீர் வேண்டும். ஹெபடைட்டிஸ் ஏ, பி தடுப்பூசிகளை யாத்திரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் போட்டுவிடுங்கள்.

மாப்பிள்ளை பார்க்கிறோம். பெண்ணுக்கு இந்த நோய் இருப்பதைச் சொல்ல வேண்டுமா?

சொல்லுங்கள். என் அபிப்பிராயம் இதில் உறுதியானது. வருஷா வருஷம் ஸ்கேனும் கொலனோஸ்கோபியும் இருக்கிற உடம்பை மறைத்துக் குடும்பம் நடத்த முடியாது. மாத்திரை டப்பாவை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்து எத்தனை நாள் ஓட்டுவது? குழந்தை பெற்றுக்கொள்ளலாம், நோய் கட்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் நல்லபடியாகவே முடியும். அரிப்பு அந்தச் சமயம் கூடலாம். எந்த மாத்திரையைத் தொடரலாம் என்பதைக் கருத்தரிக்கும் முன்பே கேட்க வேண்டும். பிள்ளைக்கும் வருமா என்றால், நெருங்கிய ரத்த உறவுக்கு வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம்தான், ஆனாலும் மிகச் சிறியது.

கல்லீரல் மாற்று எப்போது? யார் கொடுக்கலாம்? செலவு?

சிரோசிஸ் முற்றியபோது, திரும்பத் திரும்பக் கிருமித் தொற்று வரும்போது, எதற்கும் அடங்காத அரிப்பின்போது மாற்று அறுவையைப் பற்றிப் பேசுவார்கள். பி.எஸ்.சி.க்காக மாற்றியவர்களில் ஐந்து வருஷம் தாண்டி இருப்பவர்கள் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல். சுமார் ஐந்தில் ஒருவருக்குப் புதுக் கல்லீரலிலும் நோய் திரும்பலாம். அமெரிக்கப் பனிச்சறுக்கு வீரர் கிறிஸ் குளுக் இதே நோய்க்காக 2000இல் கல்லீரல் மாற்றிக்கொண்டு, 2002 குளிர்கால ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினார். நாம் பனியில் சறுக்கப் போவதில்லை, மாட்டுத்தாவணியில் ஓடிப்போய் பஸ் ஏறினால் போதும்.

உயிரோடு இருக்கும் நெருங்கிய உறவினர் தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம். கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் எல்லாரும் சட்டப்படி நெருங்கிய உறவு. கொடுத்தவருக்கு அது சில மாதத்தில் வளர்ந்துவிடும், ஆனாலும் அது பெரிய ஆபரேஷன்தான். அக்காவைக் கட்டாயப்படுத்தாதீர்கள். இன்னொரு வழி, மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புக்குத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் பட்டியலில் மருத்துவமனை மூலமாகப் பதிவது. உறுப்பு தானம் செய்தவரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று 2023இல் அறிவித்தார்கள்.

செலவு பல லட்சம். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கல்லீரல் மாற்று நடக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. அந்த அட்டைக்கு ரேஷன் கார்டு, ஆதார், வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று எல்லாம் வாங்கிக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் மையத்துக்குப் போக வேண்டும். தேவை வரும்போது அலையாமல், நடக்க முடிகிற காலத்திலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்று அறுவை முடிந்தாலும் பெருங்குடல் பழைய பெருங்குடல்தான். வருஷாந்தர கொலனோஸ்கோபி தொடரும்.

எத்தனை வருஷம் தாங்கும்?

ஆளுக்கு ஆள் மாறும். கண்டுபிடித்ததிலிருந்து மாற்று அறுவை தேவைப்படும் வரை சராசரியாகப் பத்திலிருந்து இருபது வருஷம் என்கிறார்கள். சிலருக்கு அந்தத் தேவையே வருவதில்லை. சிலருக்கு வேகமாகப் போய்விடுகிறது. உங்களுடையது எந்த வகை என்பதை ஒரு ரிப்போர்ட்டை வைத்து யாராலும் சொல்ல முடியாது. இரண்டு மூன்று வருஷத்து எண்களையும் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் டாக்டருக்கு ஓரளவு பிடிபடும்.

மதுரையிலேயே பார்க்கலாமா, சென்னைக்குப் போக வேண்டுமா?

வழக்கமான கண்காணிப்புக்கு மதுரை போதும். பெரியாஸ்பத்திரியில், அதாவது இராசாசி அரசு மருத்துவமனையில், குடல், கல்லீரல் நோய்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. தனியாரிலும் நிபுணர்கள் இருக்கிறார்கள். எங்கே பார்த்தாலும் குடலையும் கல்லீரலையும் ஒரே டாக்டர், அல்லது ஒருவருக்கொருவர் பேசிக்கொள்கிற இரண்டு டாக்டர்கள் பார்க்கட்டும். அடிக்கடி மருத்துவமனையை மாற்றினால் பழைய படம் கிடைக்காது. எம்.ஆர்.சி.பி. எடுத்தால் தாளோடு சி.டி.யையும் கேட்டு வாங்குங்கள். 'ரிப்போர்ட் போதும்ணே' என்று கவுன்டரில் சொல்வார்கள், போதாது. அடுத்த வருஷம் படம் பார்க்கிறவர் பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் குறுகல் கூடியிருக்கிறதா என்று சொல்ல முடியும். நான் ஒரு பழைய பேரேட்டில் தேதி, ஏ.எல்.பி., பிலிருபின், எடை என்று நாலு கட்டம் போட்டு எழுதுகிறேன். டாக்டர் என் ஃபைலைப் புரட்டுவதை விட்டுவிட்டு இப்போது அதைத்தான் கேட்கிறார்.